ஒரு மைல் மிச்சம்: அமெரிக்க பிக்கப் இன்ஜின்கள் ஏன் இப்படிப் படுத்துகின்றன?

2025 ஏப்ரல் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் (இனி சுருக்கமாக ஜி.எம்.) அமெரிக்காவில் விற்ற சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா என்ற இரண்டு பிக்கப்கள், கூடவே அதே 6.2 லிட்டர் வி8 இன்ஜினில் ஓடும் டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் போன்ற பெரிய கார்கள். எல்லாம் 2021 முதல் 2024 வரையிலான மாடல்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிடும், சில சமயம் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராட் இன்ஜின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதுதான் புகார். நிறுவனமே அரசிடம் கொடுத்த கணக்கில் இது தொடர்பாக வந்த புகார்கள் 28,000-க்கு மேல்.

இந்தச் செய்தியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது எண்ணிக்கை இல்லை. வைத்தியம்தான். டீலர் வண்டியைக் கணினியில் மாட்டிப் பரிசோதிப்பார். தேறாத வண்டிக்கு இன்ஜினைப் பழுது பார்ப்பார்கள் அல்லது மாற்றித் தருவார்கள். தேறிய வண்டிக்கு? கொஞ்சம் கெட்டியான ஆயில், புது ஆயில் ஃபில்டர், ஆயில் ஊற்றும் வாய்க்குப் புது மூடி, கையேட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு தாள். அவ்வளவுதான்! லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள இன்ஜினுக்கு மருந்து, மூடியில் எழுதியிருந்த எண்ணை மாற்றுவது. இது எப்படி நடந்தது என்று பின்னோக்கிப் போனால் கதை 2025-இல் இல்லை, 1970-களில் போய் நிற்கிறது. இடையில் ஒரு கோழிக் கதையும் உண்டு.

நம்மூரில் பிக்கப் என்றால் காய்கறி மூட்டை, வாழைத்தார், செங்கல். அமெரிக்காவில் அது வேறு ஜாதி வண்டி. ஐந்து பேர் வசதியாக உட்காரலாம், பின்னால் படகைக் கட்டி இழுக்கலாம், திங்கட்கிழமை அதே வண்டியில் கட்டட வேலைக்கும் போகலாம். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை 1977 முதல் அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக். டெட்ராய்ட் கம்பெனிகளுக்குச் சோறு போடுவதே இந்த வண்டிகள்தான்.

இதில் வெளிநாட்டுப் போட்டி குறைவாக இருப்பதற்குக் காரணம் கோழி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாக ஐரோப்பாவுக்குள் குவிய, மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி, டெக்ஸ்ட்ரின், சிறு டிரக் ஆகியவற்றுக்கு 25 சதவீத வரி விதித்தார். மற்றவை காலப்போக்கில் கழன்றுகொண்டன. டிரக் மீதான வரி மட்டும் அறுபது வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது. (சர்வதேச வணிகப் பாடத்தில் இந்த மாதிரி உதாரணம் சொன்னால் யாரும் தூங்க மாட்டார்கள்.) பாதுகாப்பான சந்தை, கொழுத்த லாபம். ஆகவே பெரிய வி8 இன்ஜின் பிக்கப்களை விட்டுவிட டெட்ராய்ட்டுக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

அவசரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை. 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம், ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜும் இவ்வளவு இருக்க வேண்டும் என்றது. 1978 மாடல்களுக்கு காலனுக்கு 18 மைல், 1985-க்குள் 27.5 மைல். சிறு டிரக்குகளுக்கு 1979-இலிருந்து தனி அளவுகோல், அதுவும் தளர்வானது.

இந்தச் 'சராசரி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சட்டம் வந்ததும் காடிலாக் என்ன செய்தது தெரியுமா? 1981-இல் எட்டு சிலிண்டர் இன்ஜினில், தேவை இல்லாதபோது இரண்டையோ நான்கையோ தூங்க வைக்கும் அமைப்பைக் கொண்டு வந்தது. பெயர் வி8-6-4. யோசனை என்னவோ அருமை. சமதளத்தில் நிதானமாக ஓடும் கனமான காருக்கு எட்டு சிலிண்டர் எதற்கு? ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அதற்குத் தோதாக இல்லை. கார் உதறியது, திணறியது, சொந்தக்காரர்கள் திட்டினார்கள். பல டீலர்கள் ஒரே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, எட்டும் எப்போதும் ஓடும்படி செய்து அனுப்பினார்கள். சாதாரண கார்களில் அந்த இன்ஜின் ஒரே வருடத்தோடு போனது.

இருபது வருடம் கழித்து கம்ப்யூட்டர் தேறியதும் யோசனை திரும்பி வந்தது. 2005 மாடல்களில் ஜி.எம். தன் 5.3 லிட்டர் வி8-இல் இதை மறுபடி சேர்த்தது. 2007 சில்வராடோவுக்கும் வந்தது. எட்டில் குறிப்பிட்ட நான்கு தூங்கும். 2019 சில்வராடோவில் இன்னும் ஒரு படி மேலே போய், எட்டில் எந்த சிலிண்டர் வேண்டுமானாலும் தூங்கலாம், மொத்தம் 17 விதமான கணக்கு, ஒரு நொடிக்கு 80 முறை முடிவெடுக்கும் என்று அறிவித்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று புரியும். இன்ஜினின் கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதன் மேடு 'லிஃப்டர்' என்ற சிறிய உருளையைத் தள்ளும். லிஃப்டர் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி வால்வைத் திறக்கும். சிலிண்டரைத் தூங்க வைக்க, வால்வு திறக்காமல் இருக்க வேண்டும். அதற்காக லிஃப்டரை இரண்டு துண்டாகச் செய்து, நடுவில் சின்னப் பின்களால் பூட்டியிருக்கிறார்கள். ஆயிலை அழுத்தமாக அனுப்பினால் பின்கள் உள்ளே போகும், பூட்டு திறக்கும், லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கி எழும். மேலே எதுவும் அசையாது. ஆயில் அழுத்தம் குறைந்ததும் பின் வெளியே வந்து மறுபடி பூட்டும்.

ஆக, ஒரு சுண்டுவிரல் நீளப் பொருள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுழற்சியில் அடி வாங்கிக்கொண்டு, கூடவே பூட்டித் திறந்துகொண்டும் இருக்க வேண்டும். 2019-க்குப் பிந்தைய வி8-இல் இப்படிப்பட்டவை 16. ஆயில் அழுக்கானாலோ, அழுத்தம் சரியாக வராவிட்டாலோ, பாகமே சரியாகச் செய்யப்படாவிட்டாலோ, ஏதோ ஒரு பின் மாட்டிக்கொள்ளும். லிஃப்டர் மடங்கியே நின்றுவிடும். முதலில் 'டிக் டிக்' என்று சத்தம். பிறகு ஒரு சிலிண்டர் எரியாமல் வண்டி உதறும். அப்படியே ஓட்டினால் கம்பி வளையும், லிஃப்டரின் உருளி கேம் ஷாஃப்டைத் தேய்த்துவிடும். லிஃப்டர் சின்னப் பாகம்தான், ஆனால் அதை எடுக்க இன்ஜினின் தலையைக் கழற்ற வேண்டும். கேம் ஷாஃப்டும் போயிருந்தால் செலவு ஆயிரக்கணக்கான டாலர். சில்வராடோ வைத்திருப்பவர்கள் அதிகம் புலம்பும் விஷயம் இதுதான். 40 வருடத்துக்கு முன் ஒயரைக் கழற்றினார்கள், இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, சிலிண்டர்கள் தூங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டி விற்பதே ஒரு வியாபாரமாகிவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபட்டு மிச்சம் எவ்வளவு? இதற்கு ஜி.எம். தன்னை அறியாமல் பதில் சொன்னது. 2021 மார்ச்சில் சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, சில பிக்கப்களை இந்த அமைப்புக்கான மாட்யூல் இல்லாமலே தயாரிப்பதாக அறிவித்தது. அதனால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்று கேட்டதற்கு வந்த பதில்: காலனுக்கு 1 மைல்.

ஒரே ஒரு மைல். கால்குலேட்டரை எடுப்போம். வருடத்துக்கு 15,000 மைல் ஓடும் வண்டி 17-க்குப் பதிலாக 18 மைல் கொடுத்தால், 882 காலனுக்குப் பதிலாக 833 காலன் போதும். மிச்சம் 49 காலன். காலன் 3 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 147 டாலர். ஒருமுறை லிஃப்டர் போனால் பல வருட மிச்சம் போச்சு.

வாங்குபவருக்கு இது கட்டுப்படியாகாத பேரம் மாதிரி இருக்கிறது. பிறகு ஏன் செய்தார்கள்? இங்கேதான் அந்தச் 'சராசரி' வருகிறது. சட்டப்படி சராசரி குறைந்தால், குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் அபராதம். தொடக்கத்தில் 5 டாலர், 1997-இலிருந்து 5.50, 2019 மாடல்களிலிருந்து 14 டாலர். ஒரு மைல் குறைந்தால் வண்டிக்கு 140 டாலர். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி சில்வராடோ. பெருக்கிப் பாருங்கள்: 7 கோடி டாலர். (சரியான கணக்கு இன்னும் சிக்கலானது. எல்லா டிரக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள், பழைய வரவுகளைக் கழித்துக்கொள்ளலாம். இது தோராயம்.) ஜி.எம். 2016, 2017 மாடல்களுக்காக மட்டும் 12.82 கோடி டாலர் அபராதம் கட்டியது என்பது 2023-இல் வெளியே தெரிந்தது.

ஆக, மிச்சமாகும் ஒரு மைலின் பெரிய பலன் கம்பெனி கணக்கில் ஏறுகிறது. உடைந்த லிஃப்டரின் செலவு, வாரண்டி முடிந்திருந்தால், சொந்தக்காரர் கணக்கில் ஏறுகிறது. பொருளாதாரத்தில் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு வரியே போதும்.

இது என் கற்பனை இல்லை என்பதற்கு அதே கம்பெனியிலேயே சாட்சி இருக்கிறது. கனரக பிக்கப்களுக்கு விதிமுறை வேறு, மேலே சொன்ன சராசரிக்குள் அவை வருவதில்லை. 2020-இல் ஜி.எம். தன் கனரக சில்வராடோவுக்காக 6.6 லிட்டர் பெட்ரோல் வி8 ஒன்றைக் கொண்டு வந்தது. இரும்பு பிளாக். சிலிண்டரைத் தூங்க வைக்கும் அமைப்பு கிடையவே கிடையாது. நாள் முழுக்க உழைக்கும் வண்டிக்கு எது தேவையில்லை என்று அந்தப் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

வாரண்டி என்றதும் இன்னொன்று. 2007 மாடல்களிலிருந்து ஜி.எம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 5 வருடம் அல்லது 1 லட்சம் மைல் என்று உத்தரவாதம் கொடுத்து வந்தது. 2016 மாடல்களிலிருந்து செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளுக்கு அதை 60,000 மைலாகக் குறைத்தது. வாரண்டியைப் பார்த்து யாரும் வண்டி வாங்குவதில்லை என்று ஆய்வில் தெரிந்ததாம். நம் கணக்கியல் பாடத்தில், பொருளை விற்ற அன்றே வாரண்டிச் செலவுக்கு ஒரு ஒதுக்கீடு எழுத வேண்டும் என்று படிக்கிறோமே, அந்த ஒதுக்கீடு இதனால் இளைக்கும். ஆனால் அமெரிக்காவில் 72 மாதத் தவணைக்கு வண்டி வாங்குவது சகஜம். நிறைய ஓட்டுபவருக்கு 60,000 மைல் மூன்று நான்கு வருடத்தில் தாண்டிவிடும். அதற்குப் பிறகு இன்ஜின் போனால், வண்டி வாசலில் நிற்கும், தவணை மட்டும் ஓடும். சொந்தமாகத் தச்சு வேலையோ பிளம்பிங்கோ செய்பவருக்கு அந்த வண்டிதான் கடை, அதுதான் கிடங்கு.

கியர்பாக்ஸ் பக்கமும் இதே கதைதான். ஆறு கியர் எட்டாகி, எட்டு பத்தானதற்குக் காரணம், இன்ஜின் எப்போதும் சிக்கனமான வேகத்திலேயே சுழல வேண்டும் என்பது. பரம வைரிகளான ஃபோர்டும் ஜி.எம்.மும் 2013-இல் கைகோத்து பத்து கியர் பெட்டியைச் சேர்ந்தே உருவாக்கின. 2017 எஃப்-150-இல் அது வந்தது. கியர் மாறும்போது இடிக்கிறது, தடுமாறுகிறது என்று இரண்டு பக்கமும் புகார்கள். இதில் பயமுறுத்தியது 2024 இலையுதிர் காலத்து ரீகால்: சுமார் 4.6 லட்சம் ஜி.எம். டீசல் வண்டிகளில், கியர்பாக்ஸுக்குள் ஒரு கட்டுப்பாட்டு வால்வு தேய்ந்து, ஓடும்போதே பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும். தீர்வு? மென்பொருள். பூட்டிக்கொள்வதற்குச் சுமார் 10,000 மைல் முன்பே தேய்மானத்தைக் கண்டுபிடித்து, ஐந்தாவது கியருக்கு மேல் போகாமல் தடுத்துவிடுமாம்.

மற்ற கம்பெனிகள் தப்பித்தனவா என்றால் இல்லை. சிலிண்டரைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக, இன்ஜினையே சிறியதாக்கி டர்போ மாட்டுவது இன்னொரு வழி. ஃபோர்டு 2011-இலேயே இதைத் தொடங்கிவிட்டது. அதன் 2.7 லிட்டர் இன்ஜினில் உடைந்துபோகும் அளவுக்குக் கடினமான உலோகத்தில் உள்ளிழுக்கும் வால்வுகள் செய்யப்பட்டதால், 2024 ஆகஸ்டில் 90,000-க்கு மேற்பட்ட வண்டிகள் ரீகால்.

டொயோட்டா கதைதான் பலருக்கு அதிர்ச்சி. டன்ட்ரா பிக்கப்பில் அவர்களின் 5.7 லிட்டர் வி8 அடித்தாலும் சாகாது என்று பேர் வாங்கியது. பெட்ரோலை மட்டும் குடித்துத் தீர்க்கும். 2022-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டு டர்போ வைத்த 3.4 லிட்டர் வி6-ஐ வைத்தார்கள். 2024 மே மாதம் சுமார் 1 லட்சம் வண்டிகள் ரீகால். தொழிற்சாலையில் உலோகத்தைக் கடையும்போது விழுந்த துகள்கள் சரியாகக் கழுவப்படாமல் இன்ஜினுக்குள்ளேயே தங்கி, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைக் கெடுத்துவிடுகின்றன என்றது கம்பெனி. கடைசியில் இன்ஜினையே மாற்றித் தருவதாக முடிவு. அதே இன்ஜின் இருக்கும் ஹைபிரிட் டன்ட்ராக்கள் இந்த ரீகாலில் சேரவில்லை. இன்ஜின் நின்றாலும் மோட்டாரில் கொஞ்ச தூரம் நகரலாம், ஆகவே அது 'பாதுகாப்புக் குறை' ஆகாது என்பது விளக்கம். அந்த வண்டியைக் காசு போட்டு வாங்கியவர் இதைப் படித்து என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது முதலில் விட்ட ஆயிலுக்கு வருவோம். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் நேரடியாகச் சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று தாங்குகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் தடிமன், ஆனால் இன்ஜின் சுழலக் கொஞ்சம் அதிக சக்தி பிடிக்கும். ஆயிலை மெலிதாக்கினால் அந்த உராய்வு குறையும், மைலேஜ் ஒரு துளி ஏறும். அந்தத் துளிக்காகத்தான் 5டபிள்யூ-30 ஆயில் போட்டுக்கொண்டிருந்த அமெரிக்க வி8-களுக்கு இப்போது 0டபிள்யூ-20 வந்திருக்கிறது. படலம் மெலிதானால் மன்னிக்கும் குணமும் குறைகிறது. ஒரு துகள், கிராங்க் ஷாஃப்ட் மேற்பரப்பில் ஒரு சின்னச் சொரசொரப்பு, அளவில் ஒரு மயிரிழைப் பிசகு, எல்லாமே பேரிங்கைத் தொட்டுவிடும்.

6.2 லிட்டர் இன்ஜினில் குறை என்று ஜி.எம். சொன்னதும் இவையே: ஆயில் வழிகளில் தங்கிய கசடு, அளவும் வழவழப்பும் சரியில்லாத கிராங்க் ஷாஃப்ட். ஆயில் மெலிதாக இருந்ததுதான் காரணம் என்று கம்பெனி சொல்லவில்லை. ஆனால் தேறிய வண்டிகளுக்கெல்லாம் 0டபிள்யூ-20-ஐ எடுத்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னது. வாயால் சொல்லாததை ஆயில் டப்பா சொல்கிறது என்பது என் எண்ணம்.

இத்தனைக்கும் ரீகால் ஆன வண்டிகளில் உண்மையில் குறை இருப்பது சுமார் 3 சதவீதம் என்பதே நிறுவனத்தின் மதிப்பீடு. நூற்றில் மூன்று! ஆனால் அந்த மூன்றில் தன் வண்டி இருக்கிறதா என்று தெரியாமல் நூறு பேரும் ஓட்ட வேண்டும், நூறு பேருக்கும் மறுவிற்பனை விலை இறங்கும். பரிசோதனையில் தேறிய இன்ஜின்களுக்கு 10 வருடம் அல்லது 1.5 லட்சம் மைல் வரை தனிப் பாதுகாப்பு தருவதாக ஜி.எம். சொன்னது இந்தப் பயத்துக்காகத்தான். 2015-இல் வாரண்டியால் வியாபாரம் நடப்பதில்லை என்ற அதே நிறுவனம்!

இந்தக் கதையில் இன்னொரு திருப்பம் 2025 ஜூலையில் வந்தது. அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்துக்குள் ஒரு சிறு பிரிவு, மைலேஜ் சராசரிக்கான அபராதத்தை பூஜ்யம் டாலர் ஆக்கியது. விதி இருக்கிறது, மீறினால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் ராம் நிறுவனம் கைவிட்டிருந்த ஹெமி வி8-ஐ 2026 பிக்கப்பில் திரும்பக் கொண்டு வருவதாக அறிவித்தது. ஜி.எம். 2025 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா ஆலையில் 88.8 கோடி டாலர் போட்டு ஆறாம் தலைமுறை வி8 தயாரிக்கப் போவதாகச் சொன்னது. உற்பத்தி தொடங்கும் ஆண்டு என்று குறித்திருப்பது 2027. அதுவரை 6.2 லிட்டர்காரர்கள் புது மூடியில் எழுதியிருக்கும் 0டபிள்யூ-40-ஐ வாங்கி ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.